வியாழக்கிழமைச் சிகரம்

ஒத்தாகர் கொண்டுவந்த ஆறு
ஊறுகாய்ப் புட்டிக்குள் இருந்தது.
மூடியில் வெள்ளரிக்காய்ப் படம்,
அடியில் ஒற்றைச் சதகுப்பை விதை.
கழுவினீர்களா என்றேன்.
ஆற்றுத் தண்ணீராலேயே கழுவினேன் என்றார்,
ப்ர்னோ நகரத்து டிராம்களை
முப்பத்தோரு வருடம் ஓட்டியவர்.
ஸ்வ்ரத்காவின் கெண்டைகள்
அவர் தூண்டிலை இப்போது மதிப்பதில்லையாம்.
மேலே இருக்கிற சாயப்பட்டறைதான் காரணமாம்.
ஒரு காகிதத்தில் எழுதிக் கொடு, போதும்.

காகிதம் ஏறுவதற்கு முன்
ஆறு ஒரு முடி அகலத்தில்
ஓடிக் காட்டியாக வேண்டும்.

தபால்தலை அளவு கண்ணாடிச் சில்லு.
அதில் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று
அமிலம் அரித்த வாய்க்கால்கள்.
முனைக்கொரு குழி, குழிக்கொரு பிளாட்டினக் கம்பி.
மின்சாரத்தைத் திறந்தால்
கலந்து கிடந்தவை பிரிந்து ஓடும்.
முந்துவது முந்தும். பருத்தது மூச்சு வாங்கும்.
வாய்க்கால் முடிகிற இடத்தில்
ஒரு விளக்கும் ஒரு கண்ணும் வைத்திருக்கிறேன்.
விளக்கு ஊதாவுக்கும் அப்பால், நமக்கு அது இருட்டு.
அதைக் குடித்து
நீலமாய்த் துப்புகிறவை மட்டுமே
அந்தக் கண்ணில் படும்.
மற்றதெல்லாம் ஊமையாய்க் கடந்துபோகும்.
ஆற்றில் பாதிக்குமேல் ஊமைகள்தான்;
ஒத்தாகர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

முதல் ஓட்டம், வியாழக்கிழமை.
இருபத்தாறாம் விநாடியில்
திரையின் உச்சியை முட்டியது ஒரு சிகரம்.
யர்மிலா கை தட்டினாள்.
பட்டறைக்குப் போடப்போகும் அபராதத்தை
மதியச் சாப்பாட்டுக்குள் கணக்குப் போட்டுவிட்டோம்.

வெள்ளியன்று அது குன்று.
திங்களன்று மேடு.
புதன்கிழமை, எறும்புப் புற்று.
அடுத்த வியாழன் மறுபடி மலை.
வாரம் ஒருமுறை தொட்டியைத் திறந்துவிடுகிறான் திருடன்,
என்றாள் யர்மிலா.
மாட்டிக்கொண்டான் என்றேன் நான்.

மூன்றாம் வியாழன்
வெறும் வடிநீரை ஓட்டிப் பார்த்தேன்,
சும்மா, ஒரு வழக்கத்துக்கு.
இருபத்தாறாம் விநாடி. மலை.

வடிநீருக்கு ஏது பட்டறை?

அறையை இருட்டாக்கிக்
கைவிளக்கை மேசைமேல் ஓட்டினேன்.
சில்லு இருட்டு. புட்டி இருட்டு.
குழிகளின் மேல் குனிந்திருந்த
என் சட்டைக்கை மட்டும்
பனிக்கட்டிபோல் எரிந்தது.
வியாழன்தோறும் சலவையிலிருந்து வருகிற
வெள்ளை ஆய்வகச் சட்டை.
வெள்ளையை இன்னும் வெள்ளையாக்க
சோப்புத் தூளில் சேர்க்கும் பொடி,
என் மணிக்கட்டிலிருந்து
துளித்துளியாய் உதிர்ந்திருக்கிறது.
எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று
வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறேன்,
வரைபடத்தோடு, தேதி போட்டு.

யர்மிலா சிரித்த சிரிப்பில்
ஒரு சில்லு கீழே விழுந்து உடைந்தது.

கையை முழங்கைவரை மடித்தேன்.
வடிநீரை ஓட்டினேன், கோடு படுத்துக்கிடந்தது.
ஒத்தாகரின் ஆற்றை ஓட்டினேன்.
இருபத்தாறாம் விநாடியில்
சின்னதாய், ஆனால் பிடிவாதமாய்,
ஒரு திமில்.

பட்டறைக்கும் மேலேயிருந்து
தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.
அதே திமில்.
அதற்கும் மேலே
வீடுகள், கொடிகள், குழாய்கள்,
சனிக்கிழமைகளில் துவைக்கிற எல்லாரும்.

முடிவு கேட்க ஒத்தாகர் வந்தபோது
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.
அதைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை வரவில்லை.
விளக்கைப் போட்டேன்.
கழுத்துப்பட்டை நீலமாய் எழுந்தது,
அதற்குமேல் முகமே இல்லாததுபோல் இருட்டு.
இருட்டிலிருந்து குரல்:
இதனால்தான் கெண்டை கடிப்பதில்லையா?

தெரியாது என்றேன்.
என் கண்ணுக்கு, இருக்கிறது என்று மட்டும் தெரியும்.
பட்டறைக்காரன்?
அவன் சாயம் இந்த விளக்குக்கு ஊமையாக இருக்கலாம்.
வேறு விளக்கு வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் கைப்பட்டையை
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பிறகு பொத்தானைக் கழற்றி
ஒரு மடிப்பு மடித்துவிட்டார்.

காகிதம் கேட்கவில்லை.
புட்டியைக் கேட்டார்.
வெள்ளரிக்காய் சீசன் தொடங்கிவிட்டதாம்.