வாங்கு

முதல் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிஸ்கட் தட்டு ஒரு சுற்றுச் சுற்றி
பாதிக்கு மேல் நிறைந்தே திரும்பி வந்தது.
"உங்களுக்கு என்ன தேவை? வெட்கப்பட வேண்டாம்"
என்று டொக்டர் தமிழில் கேட்டார்,
ஒவ்வொரு சொல்லையும்
முட்டையைத் தூக்குவது போலத் தூக்கி.

இளைஞர் ஆலோசனைச் சபை.
லிந்துலைப் பக்கத்து நான்கு தோட்டம்,
ஒன்பது பேர், ஒரு கால் ஆடும் மேசை.
செயலாளர் நான்.
எழுத்து அழகு என்று தெரிந்தெடுத்தார்கள்.
அதிகம் பேச மாட்டேன் என்பதும்
தெரிந்திருக்கும்.

தகரத்தில் மழை.
பெக்டரி பிட்டரின் மகன் வினோஜன்
நகத்தைக் கடித்தபடி சொன்னான்:
"அந்த வாங்கு."

எந்த வாங்கு?

கிளினிக் வாசலில்
சிமெந்தோடு நட்டு போட்டு இறுக்கிய இரும்பு வாங்கு.
முகம் ரோட்டுக்கு.
பத்தேகால் பஸ் அந்த வளைவில்தான்
மூச்சிழுத்துக் கியர் மாற்றும்.
மாற்றி முடிப்பதற்குள்
ஐம்பது சோடிக் கண்கள்
யார், எந்த லயம், எவர் மகள், எத்தனை மாதம்
என்று கணக்கை முடித்துவிடும்.
தலைச்சுற்றலுக்கு மாத்திரை வாங்கி
நீ மேட்டில் ஏறி வருமுன்
கொழுந்து மடுவத்தில்
உனக்குப் பிள்ளை பிறந்து
பேரும் வைத்திருப்பார்கள்.

அதன் பிறகு நிற்கவில்லை பேச்சு.
பேரைச் சத்தமாய்க் கூப்பிட வேண்டாம்.
வியாழன் காலை வந்தால் பள்ளிக்கூட வரவு போகிறது,
சனி பின்னேரம் திறங்கள்.
படிவத்தின் பின்பக்கமாவது தமிழில்.
ஜெசிந்தா கடைசியாய்க் கேட்டாள்,
மேசையின் ஆடும் காலைப் பார்த்தபடி:
பதினொரு நாளாய்த் தூக்கமில்லை என்று சொல்ல
எந்த வரிசையில் நிற்க வேண்டும்,
காய்ச்சலிலா காயத்திலா?

டொக்டர் பேனையை மூடி வைத்தார்.
நான் மூடவில்லை. எழுதினேன்:
"மனநலம். கலந்துரையாடப்பட்டது."
அவ்வளவு நீள இரவுகளும்
இரண்டு சொல்லுக்குள்
கால் மடக்கி உட்கார்ந்தன.

பதில்கள்:
சனிக்கிழமைக்கு ஆளில்லை.
படிவம் நுவரெலியாவின் கையில்.
ஜெசிந்தாவுக்கு ஒரு தனி அறை,
மாதத்தில் ஒருநாள், மருந்துப் பெட்டிகளை ஒதுக்கி.
பேருக்குப் பதில் நம்பர், நாளை முதல்.
வாங்கு மட்டும் அரச உடைமை,
அசைக்கக் கடிதம் வேண்டும்.

கடிதம் போனது.
தை போனது, மாசி போனது.
மேலிடம் திருப்பிக் கேட்டது:
வாங்குக்கு எத்தனை கால்?
நான்கு, என்று பணிவுடன் அறியத் தந்தோம்.

பங்குனிக் கூட்டத்துக்கு வினோஜன்
அப்பாவின் பழைய சட்டையில் சுற்றி
இரண்டு ஸ்பேனர் கொண்டு வந்தான்.
டொக்டர் அதைப் பார்த்தார், மழையைப் பார்த்தார்,
"எனக்கு வார்ட்டில் வேலை" என்று எழுந்து போனார்.
துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய்.
எங்கள் தலைக்குக் குடை பிடித்தவர்
மருத்துவமாது மிஸ்,
இத்தனை வருடமும்
பேர்களை உரக்கக் கூப்பிட்ட அதே மிஸ்.

அடுத்த வியாழன்
சுவரைப் பார்த்தபடி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.
பஸ் கியர் மாற்றியது.
ரோட்டுக்குக் கிடைத்தது
ஒரு பின்னலும் நனைந்த குடையும் மட்டும்.
"ஏழு" என்றார் மிஸ், வீட்டுக்குள் பேசும் குரலில்.
அவள் எழுந்து போனாள்.

ஊசி குத்தி ஒட்டுப்போட்ட நீலச் செருப்பு.
யாரென்று எனக்குத் தெரியும்.
குறிப்பேட்டில்,
"வாங்கு திருப்பப்பட்டது" என்று எழுதி
அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வரி சேர்த்தேன்:

சுவர் வெறுமையாய் இருக்கிறது. புத்திமதிகள் ஒட்ட வேண்டாம்.
பூசுவதென்றால் எந்த நிறமும் சரி, பச்சையைத் தவிர.
அது எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது.