கதவு ஏழு மணிக்கு

கதவு ஏழு மணிக்குத்தான் திறக்கும்.
நாங்கள் நாலரைக்கே வந்துவிட்டோம்.
பாயான் பாருவில் மழை
எங்களுக்கும் முன்பே வந்து வரிசையில் நிற்கிறது.

இருதயநாதன் லாரியை எங்கோ சொருகிவிட்டு
பாதி நனைந்து ஓடிவருகிறான்.
ஜூருவில் சரக்கு இறக்கியது பாதி, இறக்காதது பாதி.
"தவ்கேகிட்ட என்னா சொன்ன?"
"மாமா செத்துட்டாருன்னேன்."
"எந்த மாமா?"
"போன தடவை செத்தாரே, அவருதான்."

போன தடவை என்பது மூன்று வருடத்துக்கு முன்.
அறிவித்தார்கள், காசு வாங்கினார்கள்,
அவன் தொண்டையில் அறுவை என்று தள்ளிவைத்தார்கள்.
வேண்டுமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள்.
ஒரு உண்மையான ரசிகனும் வாங்கவில்லை என்று
இருதயநாதன் இன்றும் பெருமையாகச் சொல்வான்.
நான் வாங்கினேன்.
அந்த மாதம் கார் தவணை.

அவன்.
ரம்லான் பெத்திர்.
அறுபத்தெட்டு வயது, டத்தோ பட்டம், மூன்று பேரப்பிள்ளைகள்.
இருந்தாலும் 'அவர்' என்றால்
வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது.
சாமியையும் அவனையும் மட்டும்தான்
நாங்கள் ஒருமையில் திட்டுவோம்.

புதுமுக வகுப்பில் மலாய் எனக்கு மதில்.
ஒருநாள் கட்டுரையில் 'செஞ்ஜா' என்று எழுதினேன்,
பொழுது சாய்கிற நேரத்துக்கு.
சிக்கு ஹலீமா சிவப்புப் பேனாவை நிறுத்தி
"எங்கே பிடித்தாய் இதை?" என்றார்.
அகராதியில் என்றேன்.
இல்லை, சிக்கு.
இரண்டாம் பக்கம், ஐந்தாவது பாட்டு.
அவன் கத்தியதில் பிடித்தது.

ரோஸ்னா வந்துவிட்டாள்.
கறுப்புத் துடோங்கில் ஒரு மின்னல் ஊசி,
முழங்கையில் புதுப் பிளாஸ்திரி.
வெள்ளிக்கிழமை அவளுக்கு ரத்தம் சுத்தம்செய்யும் நாள்.
கெஞ்சி முந்தின இரவுக்கு மாற்றிக்கொண்டு
நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துவிட்டு வந்திருக்கிறாள்.
"ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணி.
காலையிலிருந்து தொடவே இல்ல,
எல்லாம் கத்துறதுக்கு வெச்சிருக்கேன்."

பிறகு அந்தப் பேச்சு வந்தது, வராமல் போகாது.
கடைசிச் சரணத்தில் அவன் ஏறி நிற்கும் இடம்.
எட்டுமா, எட்டாதா?
ஈப்போவில் சுருதியை இறக்கிவிட்டானாம்.
"இறக்குனா என்னா, ஒனக்கு மட்டும் பழைய ஜீன்ஸ் ஏறுதா?"

பின்னால் ஒரு பையன், இருபது இருக்கும்.
சட்டையில் அவன் முகம், அப்போதைய முடியோடு.
"அங்கிள், அந்தக் காலத்துல நேர்ல பாத்திருக்கீங்களா?"
பொய் சொல்லியிருக்கலாம்.
எண்பத்தொன்பதில் சிட்டி ஸ்டேடியத்துக்கு வந்தான்.
எங்களிடம் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்டுக்குக் காசில்லை.
"பாக்கல தம்பி. சுவத்துக்கு வெளியே நின்னு கேட்டோம்."

ஐந்தே முக்கால்.
உள்ளே ஒலிச்சோதனை.
முதலில் டிரம்ஸ். பிறகு கித்தார், காறித் துப்புவதுபோல்.
பிறகு அவன்.
வரிசையில் யாரோ மடித்துக்கொண்டிருந்த குடை
பாதியில் நின்றது.
அந்த இடத்துக்கு ஏறினான்.
உடைந்தது.
இருமினான். ஒலிவாங்கியில் இருமல்
எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது!
மறுபடி ஏறினான்.
மூன்றாம் முறை பாடவில்லை.
கித்தார் மட்டும் அந்த இடத்தைக் கடந்துபோனது,
சிறிய நிலையத்தில் நிற்காத ரயிலைப்போல.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
இருதயநாதன் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தான்,
சம்பல் போதாது என்று யாரையோ ஏசினான்.
ரோஸ்னா போத்தலைத் திறந்து
ஒரு மடக்கு குடித்தாள், அளந்து.
"அந்த எடத்த நமக்கு விட்டிருக்கான்" என்றாள்.

பையன் தொண்டையைச் செருமிப் பார்க்கிறான்.
தூறல் விட்டு, கார் நிறுத்துமிடத்தின் மேலே
வானம் சிவக்கிறது. செஞ்ஜா.
காவலாளி கதவருகே வந்து, மணி பார்த்துவிட்டு
திரும்பிப் போகிறார்.

அந்தக் காசை வாங்கிவிட்டதை
இப்போது சொல்லிவிடலாமா என்று வாய்வரை வருகிறது.
இருக்கட்டும்.
பாட்டு முடியட்டும்.