மீதி நாற்பத்தொரு விநாடி

வியர்வை துடைப்பது என் வேலை.
வளையத்துக்குக் கீழே, கம்பத்தை ஒட்டி
சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பேன்.
யாராவது விழுந்தால் ஓடிப்போய்
அவர்கள் விட்டுச்சென்ற ஈரத்தைத்
துண்டால் தேய்த்துவிட்டுத் திரும்புவேன்.
மணிக்கு ஒன்பதரை டாலர்.
டிவியில் என் முதுகைப் பார்த்ததாக
மினாட்டிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள்.
"நிமிர்ந்து ஓடு" என்றாள்.

வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில்
தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்தபடி உயரமானது
எங்கள் பல்கலைக்கழக அரங்கம்தான்.
புதிதாக வருபவர்கள் கோதுமைக் கிடங்கு என்று நினைப்பார்கள்.
தரை மேப்பிள் பலகை,
அதன் கீழே ரப்பர், அதன் கீழே கான்கிரீட்,
அதற்கும் கீழே என்ன என்று கேட்டால்
"போன கோடையில் நான் தொலைத்த ஸ்க்ரூட்ரைவர்"
என்பாள் ரோண்டா ஸ்கால்ஸ்டட்.
கட்டடத்தின் சாவிகள் எல்லாம் அவள் இடுப்பில்.

டிசம்பரில் சாம்பல் நிறத் தார்ப்பாய் விரித்து
எழுநூறு மேசை போடுவோம்.
கரிம வேதியியலில் நான் தோற்றது
ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு இரண்டடி இடப்பக்கம்.
அந்த இடம் வந்தால் மட்டும்
இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறேன்.
ரத்தம் கொடுக்கப் படுத்தவர்கள்
கூரையில் தொங்கும் வெற்றிக் கொடிகளை எண்ணுவார்கள்.
பதினொன்று.
எல்லாம் நான் பிறப்பதற்கு முந்தியவை.

அன்று பெண்கள் ஆட்டம்.
பாதியில் காற்று கதவுகளை உலுக்கியது,
கூட்டத்தின் சத்தம் என்று நினைத்தோம்.
கூட்டம் என்றால் இருநூறு பேர்,
அதில் நாற்பது பேர் பேண்டு வாசிப்பவர்கள்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. நாங்கள் முன்னால்.
மீதி நாற்பத்தொரு விநாடி.
விசில்.
எதிரணியின் ஹோடன் வர்சாமேவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
முக்காட்டைக் காதருகே சரிசெய்தாள்,
பந்தை மூன்று முறை தட்டினாள்,
நான்காவது தட்டல் இருட்டில் கேட்டது.

பந்து உருண்டு வந்து என் முழங்காலில் நின்றது.
எதற்கென்று தெரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள் என்றார் நடுவர்,
செல்ஃபோன் வெளிச்சம் அவர் தாடையில்.
ஜெனரேட்டர் சூட்டுக்குத்தான் போதும்,
விளக்குக்குப் போதாது என்றாள் ரோண்டா.
குளிர்ந்துபோன விடுதிகளிலிருந்து
ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு
பனிக்குள் வரிசையாக வந்தார்கள், நள்ளிரவுவரை.
மல்யுத்த மெத்தைகளை இழுத்துப் போட்டோம்.
என்னைத் தோற்கடித்த பேராசிரியர் ப்ரெக்கே
ஓட்டைக் காலுறை தெரிய மூன்றாம் வரிசையில் தூங்கினார்.
டிராம்போன் வாயில் கையுறையைத் திணித்து
ஒருவன் என்னவோ வாசித்தான்,
பசு தூக்கத்தில் முனகுவதுபோல.
நடு வட்டத்தில் இரண்டு அணியும்
யார் பை யார் தலைக்கென்று பாராமல்.

காலை ஆறரைக்கு விளக்கு வந்தது.
ஸ்கோர் பலகை கண் விழித்தது: பூஜ்யம், பூஜ்யம்.
"ஐம்பத்தெட்டு! ஐம்பத்தேழு!" என்று
போர்வைகளுக்குள்ளிருந்து குரல்கள்.
அதுவரை ஆட்டம் பார்க்காதவர்கள்கூடக் கத்தினார்கள்.
ஸ்கோர் மேசைக்கு அடியிலிருந்து
நடுவர் தவழ்ந்து வந்து விசிலைத் தேடினார்.

ஹோடன் அதற்குள் தொழுதுவிட்டு
ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
நானூறு பேரின் பூட்ஸ் பனி உருகி
கோடுவரை தரை முழுக்க ஈரம்.
துண்டை எடுத்தேன்.
மெத்தைகளில் உட்கார்ந்தபடி எல்லோரும்
நான் துடைப்பதையே பார்த்தார்கள்.
இவ்வளவு அமைதியில் தேய்க்கும் ஓசை
எனக்கே வெட்கமாக இருந்தது.
முடிந்தது என்று நிமிர்ந்தபோது
பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு
"அங்கே இன்னும் கொஞ்சம்" என்றாள் ஹோடன்.
கோட்டுக்கு இரண்டடி இடப்பக்கம்.

இரண்டும் விழுந்தன.
மீதி விநாடிகளில் எங்களால் ஒன்றும் போட முடியவில்லை.
தோற்றோம்.
எழுந்து நின்று கைதட்டியவர்களில்
யார் எந்த அணி என்று பிரிக்க வழியில்லை.
ப்ரெக்கே ஒரு காலுறையோடு தட்டினார்.

அன்று காலை டிவிக்காரர்கள் யாரும் இல்லை.
அம்மாவுக்கு என் முதுகை
நானேதான் ஃபோனில் விவரிக்க வேண்டியிருந்தது.