மீட்டர் சொன்னதும் மிதி சொன்னதும்

சுங்கை காடுட்டில் மரக்கிடங்குகளைத் தாண்டி
கடைசி முனையில் மிஸ்டர் குவெக்கின் யார்டு.
ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த
இரண்டு அறுவடை எந்திரங்கள்,
அறுக்க ஒரு தாள்கூட இல்லாத தீவில்
வெயில் காய்கின்றன.

பழைய எந்திரம் பார்த்துச் சொல்வது என் வேலை.
கிரேன் பார்த்திருக்கிறேன், ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட்.
வயலை மட்டும்
அலோர் ஸ்டார் போகும் பேருந்து ஜன்னலில்
இரண்டே முறை.
எங்கள் வீட்டில் அரிசி
ஐந்து கிலோ பையாக
மின்தூக்கியில் பதினோராவது மாடிக்கு வரும்.

"பச்சையை முதல்ல காட்டும்மா"
பாகான் செராயிலிருந்து குணவதி அக்கா
என் கைபேசிக்குள்.
அவருக்குப் பின்னால் யாரோ
தகரம் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பச்சைக்குப் புதுச் சாயம், புது இருக்கை.
மீட்டரில் ஆயிரத்து நூற்றெண்பது மணி நேரம்.
குவெக் இரண்டு கட்டைவிரலையும் தூக்குகிறார்.
நான் குனிந்து மிதியைப் பார்க்கிறேன்.
ரப்பரில் வரியே இல்லை.
குதிகால் ஊன்றும் இடத்தில்
இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறது.
ஆயிரத்துச் சொச்சத்தில் எந்தக் காலும்
இவ்வளவு தின்னாது, அங்கிள்.
அவர் வானத்தைப் பார்க்கிறார்.
மழை வருமாம்.

சிவப்புக்கு வெளிறிய தோல்.
ஒரு விளக்கு இல்லை.
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு,
ஒளிக்காமல்.
சங்கிலிப் பட்டையில் நகம் நுழையும் வெடிப்பு இரண்டு.
கதிரடிக்கும் உருளையில்
நான்கு பல் மட்டும் புதியவை,
மற்றவை கிழவன் வாய்.
"நாலு பல்லா? மாத்துனவன் பார்த்து மாத்தியிருக்கான்.
ஸ்டார்ட் பண்ணு.
என்னை எஞ்சின் பக்கத்துல பிடி, பேசாதே."

பிடித்தேன்.
கை நடுங்க, முகமெல்லாம் டீசல் வாடையோடு
ஒரு பெண்ணின் காதை
எந்திரத்தின் விலாவில் வைத்துக்கொண்டு நின்றேன்.
முதல் புகை கறுப்பு, பிறகு ஒன்றுமில்லை.
மூன்று நிமிடம்.
நான்கு.
குவெக் என் கைபேசியைப் பார்த்துக்
கும்பிடாத குறை.
"இடது பக்கம் ஒரு பேரிங் அழுவுது.
அது அம்பது வெள்ளி சாமான்.
மத்ததெல்லாம் சரி."

மூடியைத் தூக்கினால் உட்புறத்தில்
கறுப்பு மார்க்கரில் வரிசையாய்த் தேதிகள்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு எழுத்து,
எண்ணெய் என்று இருக்கும்.
ஆண்டுக்கு இரண்டு, ஆண்டுக்கு இரண்டு,
ஒரே கை, பதினான்கு ஆண்டு.
கடைசித் தேதி ஒரு அக்டோபர் மூன்று.
அதற்குக் கீழே நல்ல இடம் இருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன்.
அக்கா வெகுநேரம் எதுவும் தட்டவில்லை.
பிறகு குரல் வந்தது:
"அதுக்கப்புறம் எண்ணெய் மாத்தலையா,
அறுப்பே இல்லையா?"
தெரியவில்லை என்றேன்.
என் படிவத்தில் நான் அடிக்கடி எழுதும் சொல் அது.
"சரி. இருபத்தோராயிரம் கேளு.
இருபத்து ரெண்டுக்கு மேல போகாதே.
அந்த மூடிக்குச் சாயம் அடிக்க வேணாம்னு சொல்லு."

இருபத்து இரண்டாயிரத்து முந்நூறுக்குப் படிந்தது.
முந்நூறு என்னால் போனது,
மழை வந்துவிட்டது, எனக்குப் பசி.

எல்லை தாண்டுமுன்
ஒரு விதைகூட உள்ளே இருக்கக் கூடாது.
காற்றுக் குழாயால் மூலை மூலையாய் ஊதினோம்
நானும், குவெக்கின் ஆள் மொய்னுலும்.
உமி, தூசு, வண்டின் ஓடு,
பிறகு எங்கிருந்தோ ஒரு கைப்பிடி நெல்
சிமெண்டுத் தரையில் சிதறியது.
மைனாக்களுக்கு யார் சொன்னார்களோ.
மொய்னுல் ஒரு மணியை நகத்தால் உரித்து,
கடித்து, துப்பினான்:
"குட்டை ரகம்."

"விதை எச்சம் ஏதுமில்லை" என்று
எழுதிக் கையெழுத்திட்டேன்.
வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது
கணுக்காலில் ஏதோ குத்தியது.
ஒரே ஒரு நெல், கூரோடு.
விதிப்படி அதையும் அறிவிக்க வேண்டும்.
சமையல்மேடை விளிம்பில் வைத்திருக்கிறேன்,
ஐந்து கிலோ பைக்குப் பக்கத்தில்.