மாதிரி எண் அறுபத்துநான்கு

பதாகையில் ஆய்வரங்கு என்பதற்குள் ஒரு ர விழுந்து
'ஆய்வங்கு' என்று அச்சாகி வந்திருந்தது.
ஏணியில் நின்று சுலக்சன் மார்க்கரால் ஒரு ர செருகினான்.
கிட்டப் போனால்தான் தெரியும்.
கிட்டப் போக எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள்,
பரமேஸ்வராச் சந்திவரை மோட்டார் சைக்கிள்.

மேல்மாடியில் கட்டுரை வாசிப்பு.
கீழே இரத்ததானம்.
நடுவே விறாந்தையில் என் மேசை:
உங்கள் கிணற்று நீரைக் கொண்டு வாருங்கள்,
இலவசமாகச் சோதித்துத் தருவோம்.

நெல்லிரசப் போத்தலில் வந்தது தண்ணீர்.
மருந்துக் குப்பியில்,
பிள்ளையின் பள்ளிக்கூடப் போத்தலில்.
நீர்வேலிக்காரர் ஒருவர் சாராயப் போத்தலை நீட்டி
'நல்லாக் கழுவினது' என்று மூன்று தரம் சொன்னார்.
வெள்ளை நாடா ஒட்டி எண்ணிட்டேன்.
தூள் போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால்
நைத்திரேற்று இளஞ்சிவப்பாய் எழும்பும்,
மிஞ்சினால் செவ்வரத்தை.

பத்தரைக்கு முதன்மை உரை.
ஒலிபெருக்கி விறாந்தைக்கும் இறங்கி வந்தது:
சுண்ணக்கல், பிளவு, பரவல், நியம விலகல்.
உரும்பிராய் வெங்காயத் தோட்டக்காரர் குணநாயகம்
தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.
'இப்ப யூரியாவைப் போடச் சொல்லுறாரோ,
வேண்டாமெண்டுறாரோ?'
அந்த இடம் எனக்கும் விளங்கவில்லை.
அவருடைய தண்ணீர் செவ்வரத்தை.
காட்டினேன்.
'வெங்காயத்துக்கு இது நல்லது' என்றார்.

பிறகு, இரத்தம் கொடுத்த கையில் பஞ்சோடு
கோண்டாவிலிலிருந்து ஒரு பெண், இரண்டு போத்தல்.
ஒன்று தன்னுடைய கிணறு.
மற்றது வேலிக்கு அங்கால்,
ஏழு வருடமாய்க் கதை பேச்சில்லாத மச்சாளின் கிணறு.
எப்படி எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
எழுதித் தந்தால் கோட்டில காட்டலாமோ என்று அவர் கேட்டார்.
ஐந்து நிமிடமும் குழாய்களையே பார்த்திருந்தார்.
இரண்டும் ஒரே சிவப்பு.
'மற்றது கொஞ்சம் கூடத்தானே?'
இல்லை.
'வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ.'
பிடித்தேன்.
'அப்ப எழுத வேண்டாம்.'
போத்தல் இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு
பிஸ்கட் பக்கற்றையும் மறக்காமல் எடுத்துப் போனார்.

சாப்பாட்டுப் பொதி இருநூறு சொல்லியிருந்தோம்.
இருநூறு பேருக்கு மேல் சாப்பிட்டார்கள்,
எனக்குக் கிடைக்கவில்லை.
குருநாகல் பிள்ளை தில்ஹானி தன் பொதியில் பாதி தந்தாள்,
இரத்ததானப் படிவத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டி
'அண்மையில் பச்சை குத்தியவரா' என்பதில் அவள் நின்றபோது
நான்தான் கையில் வரைந்து காட்டினேன்.

மூன்றரைக்கு வரிசை அறுந்தது.
அறுபத்துமூன்று.
குழாய்களைக் கழுவ மூலைப் பைப்பைத் திறந்தேன்.
கடைசி அலசல் மட்டும் காய்ச்சி வடித்த நீர்,
அதற்கு முதல் மூன்று அலசலும் இதில்தான்.
காலையிலிருந்து எல்லாருக்கும் தேத்தண்ணியும்
இதில்தான்.

நாடா ஒரு துண்டு மிச்சம் இருந்தது.
64 என்று எழுதினேன்.
'இடம்' என்ற கட்டத்தில் என்ன போடுவது?
'இங்கே' என்று போட்டேன்.

மேலே நன்றியுரை தொடங்கியது.
பீடாதிபதிக்கு, வங்கிக்கு, ஒலியமைப்புக்கு, மழை பெய்யாததற்கு.
ஐந்து நிமிடத்தில் பதினொரு நன்றி.
குழாயில் நிறம் ஏறியது.
குணநாயகத்தார் அளவுக்கு இல்லை.
கோண்டாவில் அளவுக்கு இருந்தது.

கதிரை அடுக்குகிற சத்தம்.
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
குழாயைப் பிடித்தபடி நின்றேன்.
கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஜெனிற்றா எட்டிப் பார்த்தாள்,
என் வயதுதான், நாட்சம்பளம்.
'பைப்புத் தண்ணியோ?'
ஓம்.
'அது எங்களுக்குத் தெரியுமே.
நாங்கள் குடிக்கிறதுக்கு
வீட்டிலயிருந்தெல்லோ கொண்டு வாறனாங்கள்.'

தொட்டிக்குக் கீழே நின்றது அவளுடைய போத்தல்,
நீல மூடி, அரைவாசி.
'தாவன், அதையும் பார்ப்பம்' என்றேன்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.
போத்தலைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினாள்.
'வேண்டாம்' என்றாள்.
'இண்டைக்கு வேண்டாம்.'