நீல வளையம்

மினேகோ தன் கோப்பையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.
வெள்ளைப் பீங்கான், அடியில் இரண்டு நீல வளையம்.
வளையத்தின் விளிம்பு எவ்வளவு துலங்குகிறதோ
சாக்கே அவ்வளவு தெளிவு.

சைஜோவில், வெள்ளைச் சுவர்த் தெருவில்,
என்னை முதலில் ஒரு கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போனாள்.
"இதைக் குடி. மற்றதெல்லாம் அப்புறம்."
அப்போது நான் அங்கே கார்க் கதவுகளுக்குக் கீல் பூட்டிக்கொண்டிருந்தேன்.
ஒருநாள் விடுப்பு. பனி.
கூடத்து வாசலில் தேவதாரு இலைப் பந்து,
பச்சையாய்த் தொங்கினால் புதுச் சரக்கு வந்தாயிற்று.
உள்ளே, அரிசியைப் பாதியாகத் தேய்த்து
மிஞ்சின முத்தை ஆவியில் அவித்து
பூஞ்சை பிடிக்கட்டும் என்று
கைப்பிள்ளைபோல் போர்த்தி வைத்திருந்தார்கள்.
நடுராத்திரி எழுந்து சூடு தொட்டுப் பார்ப்பார்களாம்.

இப்போது கருங்கலுக்கு மேற்கே ஒரு பனவிளையில்
அண்ணாந்து நிற்கிறாள்.
நான் கத்திச் சொன்னதையெல்லாம் பனைமேல் இருந்தே கேட்டுவிட்டு
இறங்கியதும் யேசுவடியான் கேட்டான்:
"மிச்சப் பாதி அரிசிய என்ன செய்வாவ?"
மாவாக்கி முறுக்குபோல ஏதோ சுடுவார்கள் என்றேன்.
"அப்பம் செரி."

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு.
தடவியிருந்தால் அக்கானி,
தடவாவிட்டால் கள்,
கள்ளென்றால் கேஸ்.
மினேகோ அந்த வெள்ளையைச் சுண்டுவிரலால் வழித்துப் பார்த்தாள்.
அவள் வீட்டில் நாலு தலைமுறை
நுரைக்காதா என்று காத்துக் கிடக்கிறது.
"சுண்ணாம்பில்லாத ஒன்று?" என்றாள்.
நான் அதை மொழிபெயர்க்கவில்லை.
யேசுவடியானுக்கு விளங்கிவிட்டது.
"களியக்காவிள தாண்டணும்.
அங்க பனைக்குச் சட்டம் வேற."

அக்கானியைக் கோப்பையில் ஊற்றினாள். வளையம் லேசாய் மங்கிற்று.
நாக்கில் சுழற்றி, மூக்கால் மூச்சுவிட்டு,
திரும்பி மண்ணில் துப்பினாள்.

அது அவர்கள் தொழில்,
ருசி பார்ப்பவர்கள் விழுங்கமாட்டார்கள்
என்றெல்லாம் சொன்னேன்.
"அம்பதடி ஏறி எறக்குனத," என்றான்.
அவ்வளவுதான் சொன்னான்.

பையிலிருந்து ஒரு சின்னக் குப்பி எடுத்து
இரண்டு கையாலும் நீட்டினாள்.
சபைக்காரன், குடிக்கமாட்டான்.
மூடியைத் திருகி மணத்தான். மறுபடி மணத்தான்.
"லேய், இது பழஞ்சியில்லா!"
வீட்டைப் பார்த்து,
"ஏ லில்லிபுஷ்பம், பழஞ்சி கெடக்கா?"

ஜப்பானிய மொழியில் எனக்குக் கீல் தெரியும், திருகாணி தெரியும்,
'தாமதத்துக்கு மன்னியுங்கள்' நன்றாகவே தெரியும்.
பழஞ்சி தெரியாது.
அரிசி, தண்ணீர், ஒரு ராத்திரி
என்று விரல்விட்டு எண்ணினேன்.
சடக்கென்று நிமிர்ந்தாள்.

சட்டியில் வந்தது. கூடவே சின்ன உள்ளி, காந்தாரி மொளவு.
அதையும் கோப்பையில்தான் ஊற்றினாள்.
நீலம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.
யேசுவடியான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கியது.
இன்னொரு தரம் ஊற்றச் சொல்லி நீட்டினாள்,
மற்றக் கையில் ஒரு மிளகை எடுத்து
அப்படியே கடித்தாள்.

காந்தாரியைப் பற்றிச் சொல்ல
நான் மறந்தே போயிருந்தேன்.