வெட்டுக்கு வராதவள்

கீரிப்பாறைச் சரிவில் நாலேமுக்கால் மணி.
என் நெற்றியில் ஒரு விளக்கு.
மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே
இன்னொரு நெற்றி விளக்கு.

அது என்னைப் பார்த்து நின்றது.
"யாரு, புது வெட்டா? எந்த பிளாக்கு?"

வெட்டு இல்லை, ஓட்டம் என்றேன்.
அவள் என் முதுகுக்குப் பின்னால் வெளிச்சத்தை அடித்தாள்,
விரட்டி வருவது பன்றியா ஆளா என்று.

தங்கலீலா.
விடியுமுன் முந்நூற்று இருபது மரம்.
கத்தி பட்டையில் சரிய
வெள்ளைக் கோடு ஒன்று கசிந்து சிரட்டைக்கு இறங்கும்,
அதற்குள் அடுத்த மரத்தில் இருப்பாள்.
பேச்சுக் கொடுக்க நான்தான் ஓடவேண்டியிருந்தது.

"இப்பிடி ஓடினா என்னவாக்கும் கிட்டும்?"

சர்க்கரை இறங்கியதைச் சொன்னேன்,
இருநூற்றுப் பத்திலிருந்து நூற்று முப்பதுக்கு.
"அதுக்கு பார்க்குல நடந்தா போராதா?"

போதும்தான்.
நாகர்கோவிலில் இரண்டு வருடம் நடந்தேன்.
அதே சிமெண்டு வட்டம், அதே வேம்பு,
பின்னாலேயே வந்து
பார்வதிபுரத்தில் நாலு சென்ட் விற்கும் அதே புரோக்கர்.
கால் நடக்கும்.
தலை பேங்க் கவுண்டரிலேயே உட்கார்ந்து
நேற்றுக் கணக்கில் இடித்த
முந்நூற்று நாற்பது ரூபாயைத் தேடும்.

இங்கே அது நடக்காது.
ஆவணி. ரப்பர் காய் வெடிக்கும் மாதம்.
எங்கோ மேலே டப் என்றொரு சத்தம்,
பிறகு சருகில் விதைகள் உருளும் சத்தம்.
ஒன்றின் மேல் குதிகால் பட்டால் போதும்,
ஆறு மாதம் கட்டில்.
அதனால் வேர், கல், ஈரம், வேர்,
பயற்றங்கொடி, மறுபடி கல்.
அடுத்த இரண்டடிக்கு அப்பால் உலகம் கிடையாது.
முந்நூற்று நாற்பதும் கிடையாது.

முதல் மாதம் மூன்று தரம் விழுந்தேன்.
இடது முழங்காலில் தழும்பு,
வற்றிய பேச்சிப்பாறை அணையை
மேலிருந்து பார்த்தது போல.
நாலாவது மாதம்
கணுக்காலுக்குத் தனியாகப் புத்தி வந்தது.
கண் சொல்லுமுன் அது திரும்பிவிடுகிறது.
உள்ளங்காலுக்குத் தெரிகிறது,
இது பிடிக்கும் ஈரம்,
இது சிரித்துக்கொண்டே தள்ளிவிடும் ஈரம்.
லேப் ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

உறக்கம் வருகிறது என்றேன்.
எட்டரைக்கே, பாதிச் சோற்றில்.
வீட்டுக்காரருக்கு அதில்தான் வருத்தம் என்றதும்
தங்கலீலா சிரித்த சிரிப்பில்
கத்தி விலகி ஒரு கோடு கோணிப்போயிற்று.
"நாசமாப் போச்சு. ஒங்களாலதான்.
சூப்பர்வைசர் வந்தா நீங்களே சொல்லுங்கோ."

அட்டைக்கு மருந்தும் அவள் சொன்னதுதான்:
காலுறையில் பார் சோப்பைத் தேய்த்துவிடுவது.
ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய உறை
இப்போது வீட்டில் வெங்காயம் வைக்க உதவுகிறது.

மேட்டு உச்சியில் நின்றால்
கடல் ஒரு கோடாகத் தெரியும் என்பார்கள்.
நான் ஏறிய நாளெல்லாம் மேகம்.
இன்றும் மேகம்.
அதற்குள் நின்று
என் மூச்சு எனக்கே திரும்பி வரும்வரை காத்திருந்து
இறங்கினேன்.

கீழே அவள் பால் எடுக்கத் தொடங்கியிருந்தாள்.
சிரட்டை சிரட்டையாக வாளியில் கவிழ்த்தபடி
"ஷூ என்ன வெலை?" என்றாள்.
எண்ணூறு, என்றேன்.
ஏழாயிரத்து இருநூறு.

ஒரு காலைத் தூக்கச் சொன்னாள்.
நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
செம்மண்ணைச் சுரண்டிவிட்டு
அடிப்பாகத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்,
விட்டாள், மறுபடி அழுத்தினாள்.
"நம்ம சாதனம்" என்றாள்.
"எண்ணூறுக்கு இது கிட்டாது, கேட்டேளா."

பதினொரு மணி. கவுண்டரில் பதினாலு பேர்.
கணக்கு இன்னும் இடிக்கிறது.
நோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
மேசைக்கடியில் என் வலது கணுக்கால்
எதையோ தாண்டுகிறது.